புகையானுக்குப் பாரணை

கல்யாணமான புதிதில் மற்றவர்கள் வீட்டுக்காரர் மல்லிகைப்பூவோ மைசூர்பாகோ வாங்கி வருவார். என் வீட்டுக்காரர் சம்பத்குமார் ஒரு கண்ணாடி பாட்டிலில் பூச்சி பிடித்துக்கொண்டு வந்தார். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் வேறு. பூச்சிக்கு மூச்சு முட்டக் கூடாதாம்.

அவர் காஞ்சிபுரத்தில் விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர்தான் நீளம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், எந்த விதை போடலாம், எந்த மருந்து அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வேட்டியெல்லாம் சேறாகத் திரும்பி வருவதுதான் வேலை.

"இதை உங்க ஆபீஸ்லேயே வெச்சுக்கப்படாதா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் ரூம் முழுக்க மருந்து டப்பா அடுக்கியிருக்கு ரமா. அந்த வாசனைக்கே செத்துப்போயிடும்" என்றார். பூச்சி செத்துப்போகுமே என்று கவலைப்பட்ட ஒரே விவசாய இலாகாக்காரர் எனக்கு வாய்த்தவராகத்தான் இருக்கும்.

அப்படித்தான் எழுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில், சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜர் கோவில் மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில் புகையான் குடியேறியது. புகையான் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புப் பூச்சி. நெற்பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். பச்சை வயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்து, புகை அடித்தது போல் ஆகிவிடும். பின்தெருவில் தறி போட்டிருந்த தேவகி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பட்டுப்பூச்சி வளக்கறீங்களாம்மா? நூலு வந்தா எங்களுக்கே குடுத்துடுங்க" என்றாள். பயிரைத் தின்கிற பூச்சி என்று சொன்னால் மானம் போகுமே என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

இதற்கெல்லாம் காரணம் முசரவாக்கம் கோதண்டபாணி. குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர். போன சம்பாவில் எல்லோரையும் போல அவரும் என் வீட்டுக்காரர் சொன்ன குட்டை ரகத்தைப் போட்டார். யூரியாவும் போட்டார். பயிர் கருகருவென்று வளர்ந்தது. கார்த்திகையில் புகையான் இறங்கி அத்தனையையும் தின்றுவிட்டது. ஒரே ஒரு மூலை மட்டும் பச்சையாக நின்றது. அந்த மூலையில் இருந்தது அவர் மனைவி ரேணுகாம்பாள் தென்னேரியிலிருந்து, தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நெல். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அவள் நச்சரிப்பைத் தாங்காமல் மூலையில் கொஞ்சம் நட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த மூலையில் விளைந்ததை ரேணுகாம்பாள் தனியாக அடித்து, இரண்டு மூட்டை விதையாகக் கட்டி வைத்திருந்தாள். இந்தச் சம்பாவுக்கு அதையே வயல் முழுக்கப் போடலாமா என்பதுதான் கேள்வி. போட்டு அதுவும் போனால் நிலத்துக்காரர் இன்னொரு வருஷம் பொறுக்க மாட்டார். குத்தகை வேறு கைக்குப் போய்விடும். "நீங்க சொன்னா போடறேன் சார். வேணான்னா வேணாம்" என்று கோதண்டபாணி என் வீட்டுக்காரர் தலையில் பாரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். போன வருஷம் இவர் பேச்சைக் கேட்டுத்தானே மோசம் போனார்? இவருக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே பரீட்சை.

கொல்லையில் இரண்டு மண்தொட்டி. ஒன்றில் குட்டை ரகம், இன்னொன்றில் தென்னேரி நெல். மூங்கில் குச்சி நட்டு, என் மாமனாரின் பழைய மல் வேட்டியைக் கிழித்துச் சுற்றிலும் கூண்டு தைத்தது நான்தான். பாட்டிலில் வந்த பூச்சியை இரண்டு கூண்டிலும் விட்டார். மிச்சப் பூச்சிக்குத் தீனியாகக் குட்டை ரக நாற்று தனியாக ஒரு தொட்டியில் வளர்ந்தது.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவரைப் பாச்சா என்று கூப்பிடுவார்கள். கோவில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். அவர் குரல் தெருமுனையில் திரும்பும்போதே நான் அடுப்பில் பாலை வைத்துவிடுவேன். மாமியார் போனபின், அந்த வீட்டில் எனக்கு அம்மாவும் அவர்தான். தளிகை ஆனதும் காக்கைக்கு ஒரு பிடி, எறும்புக்கு ஒரு சிட்டிகை நொய், வாசலில் படுத்திருக்கும் சொறிநாய்க்கு ஒரு உருண்டை. எல்லாம் போட்டபிறகுதான் தனக்கு இலை போடுவார். நாய்க்குப் போட்டதில் நெய் குறைந்துவிட்டது என்று என்னிடம் ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார்.

கூண்டு கட்டிய அன்று பிள்ளையிடம் கேட்டார்: "இதென்னடா, ஒரே பூச்சிக்கு ரெண்டு வீடு?"

"அப்பா, இந்தக் குட்டை ரகத்தை அது சப்பிச் சப்பிக் கொழுக்கும். பக்கத்திலே இருக்கற தென்னேரிப் பயிருக்குத் தானாவே ஒரு எதிர்ப்பு இருக்குன்னு நினைக்கறேன். மருந்து கிருந்து ஒண்ணும் வேண்டாம். பூச்சி வாயை வெச்சாலும் சாறு ஏறாது, பிடிக்காது. பட்டினி கிடந்து செத்துடும். செத்துதுன்னா நெல் பாஸ். சாகலேன்னா பெயில்."

"செத்தா பாஸா?" என்றார் மாமனார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் குட்டை ரகம் மஞ்சளாகிச் சாய்ந்தது. தென்னேரி நெல் பச்சையாகத்தான் நின்றது. ஆனால் அந்தக் கூண்டுப் பூச்சிகளும் குஷியாக இருந்தன. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். இன்றைக்குச் சாகும், நாளைக்குச் சாகும் என்று பார்த்தார். ஒன்றும் சாகவில்லை. போதாததற்குக் குஞ்சு வேறு பொரித்துவிட்டன.

"பயிர் இப்போதைக்குப் பச்சையா இருக்கு. ஆனா பூச்சி அதுலே பிழைக்கறது, பெருகறது. வயல்லே லட்சக்கணக்கா ஏறினா இதுவும் காயும். போன வருஷம் அந்த மூலை தப்பிச்சது அதிர்ஷ்டம்தான்" என்றார் என்னிடம். முகம் வாடிப் போயிருந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ரேணுகாம்பாளின் நெல்லில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

ஆடி மாதத்து ஏகாதசி அன்று சாயங்காலம் கோதண்டபாணி முடிவு கேட்க வந்தார். மாமனார் கோவிலுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொன்னார். கோதண்டபாணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செரி சார். ரேணுகா ஊட்ல ஆசையா வெச்சிக்கினு இருந்தா. இன்னா பண்றது? இன்னைக்கி ராவே ஊறப் போட்டுட்றேன். நாளைக்கிக் காலைல வேகவெச்சு அரிசி ஆக்கினா சாப்பாட்டுக்காவது ஆவும். வெதை சொசைட்டில வாங்கிக்கிறேன்."

"குட்டை ரகமா?"

"வேற இன்னா சார் இருக்குது அங்க?" என்றார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் துவாதசி. ஏகாதசி முழுக்கத் தண்ணீரும் துளசியுமாக இருந்துவிட்டு, துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகச் சாப்பிட்டு விரதம் முடிப்பதைப் பாரணை என்போம். மாமனாரின் பாரணைக்குத் தளிகை பண்ணி முடித்துவிட்டுக் கையலம்பக் கொல்லைப் பக்கம் வந்தேன். என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருந்தார்.

மாமனார் தென்னேரி நெல் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். துணியை அடியில் மெல்லத் தூக்கி, தீனித் தொட்டியிலிருந்து பிடுங்கிய இரண்டு நாற்றைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தார். வாய் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்தது.

"மாமா! என்ன பண்றேள்?"

அவர் பதறவில்லை. திருடினவர் முகமாக இருந்தால்தானே பதற!

"பாரணைம்மா" என்றார். "நமக்கு ஏகாதசின்னா ஒருநாள். விடிஞ்சா கீரையும் சாதமும் உண்டு. இதுகளுக்கு நித்தியம் ஏகாதசின்னா எந்த சாஸ்திரத்திலே இருக்கு? என் வேட்டியிலே கூண்டு கட்டி, என் ஆத்துக் கொல்லையிலே வெச்சுப் பட்டினி போட்டா, நான் எப்படிம்மா இலை முன்னாடி உக்கார முடியும்?"

"தினமும் போடறேளா?"

"அவன் ஆபீஸ் போனப்புறம் மத்தியானம் போடுவேன். சாயங்காலம் அவன் வரதுக்குள்ளே எச்சில் இலையை எடுத்துப் போடற மாதிரி நாத்தைப் பிடுங்கிடுவேன். ஒண்ணையும் நசுக்க மாட்டேன், உதறி விட்டுடுவேன். இன்னிக்குத் துவாதசியாச்சே, அதான் விடியக்காலையிலேயே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. நேற்று கோதண்டபாணி வந்ததையும், நெல் ஊறிக்கொண்டிருப்பதையும், இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்பதையும் சொன்னேன். மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது.

அதற்குள் பால் சொம்போடு என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சொம்பைக் கீழே வைத்தார். அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் பறந்தார். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"நானும் வரேன்" என்றார் மாமனார். "பண்ணினது நான். நான்தான் சொல்லணும்."

கோவில் தவிர வேறெங்கும் போகாத மனிதரை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து அழைத்துப் போனேன். மடியும் ஆசாரமும் அன்றைக்குப் பறந்துவிட்டன. வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார்.

"பாவம்மா அதுகள். நான் நாத்தை ஊனிக் கையை எடுக்கறதுக்குள்ளே அத்தனையும் குதிச்சு இந்தண்டை வந்துடும். அந்தப் பயிர்லே பேருக்குக்கூட ஒண்ணு நிக்காது. சாயங்காலம் உதறி விட்டா, திரும்ப அதிலே ஏறாம துணியைப் பிடிச்சுண்டு தொங்கும். அவ்வளவு பசியிலும் அதைத் தொட மாட்டேங்கறதுன்னா, அது என்ன கசப்போ!"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, இதை அப்படியே அவர்கிட்டே சொல்லுங்கோ. ஒரு எழுத்து விடாம சொல்லுங்கோ."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோதண்டபாணி வீட்டு முற்றத்தில் ஒரே ஈரப்புகை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். பெரிய அண்டாவில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். கண் சிவந்திருந்தது, புகையால் மட்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வயல்காரர் முனிசாமி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கோதண்டபாணிக்கும் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பேச்சு முறிந்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"பச்சைத் தண்ணிதான் சார் ஊத்தி இருக்குது. இன்னும் கொதிக்கல" என்று கோதண்டபாணி சொல்லிக்கொண்டிருந்தார். "ஊறின நெல்லு காத்துக்கினு இருக்காது. ஒண்ணு வேகவெக்கணும், இல்லாங்காட்டி மொளை கட்டி வெதைக்கணும். இப்ப சொல்லுங்க, வெதைக்கலாமா?"

என் வீட்டுக்காரர் அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். பரீட்சை கெட்டுப்போனது என்றுதான் அவருக்குத் தெரியும். நெல் பாஸா பெயிலா என்பது தெரியாது. திரும்பப் பரீட்சை வைக்க நேரமும் இல்லை. அப்போதுதான் எங்களைப் பார்த்தார். "நீங்கோ எதுக்கு வந்தேள்?" என்று அப்பாவிடம் வெடுக்கென்று கேட்டார்.

மாமனார் நேராகக் கோதண்டபாணியிடம் போய்க் கைகூப்பினார்.

"உன் நெல்லைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான்பா. பூச்சி பட்டினி கிடக்கறது பொறுக்காம, திருட்டுத்தனமா வேற நாத்து வெச்சு ஊட்டினேன். அதான் அது சாகலை. என் பிள்ளை மேலே தப்பில்லை."

ரேணுகாம்பாள் முதலில் மிரண்டு பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "பூச்சிக்கு சோறு போட்டீங்களா சாமி? எங்க நெல்லைத் துன்ன வந்ததுக்கா?"

"மாமா, பஸ்லே சொன்னதைச் சொல்லுங்கோ" என்றேன் நான்.

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரரின் முகம் மாறியது. பிள்ளை என்பது போய் இலாகாக்காரராகிக் கேட்க ஆரம்பித்தார். எல்லாமா வந்தது? எவ்வளவு சுருக்க வந்தது? குஞ்சுகள் எதிலே பொரிச்சுது? தினமுமா அப்படி? மாமனார் ஒவ்வொன்றுக்கும் யோசித்து, தெரிந்ததைத் தெரியும் என்றும், கண் மங்கல், குஞ்சு எதில் பொரித்தது என்று கவனிக்கவில்லை என்றும் சொன்னார்.

"அப்படின்னா பூச்சிக்கு இந்த நெல் வேண்டவே வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. பிறகு கோதண்டபாணியிடம் திரும்பினார். "ஆனா இது சரியான பரீட்சை இல்லே. எனக்கு நம்பிக்கை வரது, அவ்வளவுதான். தப்பாவும் போகலாம். போன வருஷமும் நான்தான் சொன்னேன். இந்தத் தடவை என் பேச்சை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க."

வேலிக்கு அப்பாலிருந்து முனிசாமி சிரித்தார். "ஐயரு பூச்சிக்கு சாப்பாடு போடுவாராம், இவரு அந்தப் பேச்சைக் கேட்டுக்கினு வெதை வெதைப்பாராம்! நல்லா இருக்குதுபா கதை!"

கோதண்டபாணி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அண்டாவிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா மடியில கட்டிக் குடுத்த நெல்லுய்யா" என்றாள். "நீ அடுப்பு பத்த வெச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சிது. சொசைட்டி வெதைய நம்பி ஒருவாட்டி போனோம். இந்தவாட்டி போறதா இருந்தா என் நெல்லோட போவட்டும்."

கோதண்டபாணி கோணிப்பையை உதறினார். அண்டாவைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, நெல்லைக் கோணியில் கொட்டிக் கட்டி, மேலே வைக்கோல் போட்டுக் கல் ஏற்றி வைத்தார்கள். முளை கட்டுவதென்றால் அதுதான். நாங்கள் மூவரும் வீடு திரும்பினோம்.

அந்த நாலு மாதமும் எங்கள் வீட்டில் பேச்சு குறைவுதான். என் வீட்டுக்காரர் அப்பாவிடம் மரியாதையாகத்தான் இருந்தார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வயல் போய்விட்டால் அதற்குப் பொறுப்பு யார் என்பதை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு இருவருக்கும் சேர்த்து வேண்டாத விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் புகையான் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. யார் வயலில் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக முசரவாக்கத்துக்குப் போனோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர் செருப்பை மாட்டினார், மாமனார் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், நான் கதவைப் பூட்டினேன்.

தூரத்திலிருந்தே காய்ந்த வட்டங்கள் தெரிந்தன. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் பெரிதாக ஒன்று. நடையை எட்டிப் போட்டோம். கிட்டப் போன பிறகுதான் அது குட்டை ரகம் போட்டிருந்த முனிசாமியின் வயல் என்று தெரிந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் தென்னேரி நெல் கதிர் வாங்கி, இடுப்புக்கு மேல் பச்சையாக நின்றது.

ரேணுகாம்பாள் எங்களைப் பார்த்து வரப்பில் ஓடி வந்தாள். என் வீட்டுக்காரர் நேராகச் சேற்றில் இறங்கி, ஒரு குத்துப் பயிரை இரண்டு கையாலும் விலக்கி அடித்தூரைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். அங்கங்கே ஒன்றிரண்டு பூச்சி, அதுவும் சோர்ந்து கிடந்தது. அப்படியே குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"அப்பா" என்றார். "இறங்கி வாங்கோ. பாருங்கோ."

சேற்றுக் கையை நீட்டினார். மாமனார் மடி என்றும் பார்க்கவில்லை, வேட்டி என்றும் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினார். நான் வரப்பில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். கோதண்டபாணியும் அழுதார், அவர் துண்டை வைத்து மறைத்துக்கொண்டார்.

மாமனார் பயிரைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார். பிறகு வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். காய்ந்த வயலின் மூலையில் முனிசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கோதண்டபாணி, அடுத்த தடவைக்கு அவருக்கு இதிலே விதை கொடுப்பியா?"

"நல்லா இருக்குது சாமி" என்றாள் ரேணுகாம்பாள். "மொதல்ல பூச்சிக்குப் போட்டீங்க. இப்ப முனிசாமிக்கா? அன்னைக்கி எப்படிச் சிரிச்சாரு தெரியுமில்ல?"

"அவரு வந்து கேக்கட்டும் சாமி. கேட்டா குடுக்கறேன்" என்றார் கோதண்டபாணி.

"கேக்க மாட்டார்ப்பா" என்றார் மாமனார். "என்கிட்டே அந்தப் பூச்சிகளும் கேக்கலையே."

ரேணுகாம்பாள் புருஷன் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பைத் தாண்டி, காய்ந்த பயிருக்கு நடுவில் நடந்து போனார். முனிசாமி நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கப் போனவரைக் கோதண்டபாணி தோளைத் தொட்டு உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பி வரப்பில் நடந்தோம். என் வீட்டுக்காரர் அப்பாவின் கையை இன்னும் விடவில்லை.